வேலை இழந்த வாலிபரும் விஞ்ஞானியும்
கிருமிகளை வேலை வாங்கி இன்சுலின் செய்த கதை

1976-ம் ஆண்டு, ஜனவரி மாதம். ஒரு வெள்ளிக்கிழமை. மாலை நேரம்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு வாலிபர் வந்தார். கோட்டு, சூட்டு, டை எல்லாம் கச்சிதம். குண்டுக் கன்னம். குழந்தை முகம்.

உள்ளே இருந்த பேராசிரியரோ நேர் எதிர். சுருட்டை முடி. நீல ஜீன்ஸ் கால்சட்டை. கையில்லாத தோல் சட்டை. இவர்தான் பேராசிரியர் என்று சொன்னால் நம்புவது கடினம்.

10 நிமிடம்தான் பேச முடியும் என்று பேராசிரியர் டெலிபோனிலேயே சொல்லியிருந்தார்.

10 நிமிடம் ஓடிவிட்டது. பேச்சு முடியவில்லை. இருவரும் எழுந்து, பக்கத்தில் இருந்த "சர்ச்சில்" என்ற பாருக்குப் போனார்கள். பீர் வாங்கி வைத்துக்கொண்டு பேசினார்கள். 3 மணி நேரம் பேசினார்கள்!

எழுந்து வெளியே வந்தபோது, கூட்டாக ஒரு கம்பெனி தொடங்குவது என்று முடிவாகிவிட்டது.

என்ன கம்பெனி தெரியுமா?

கிருமிகளை வேலைக்கு வைத்து மருந்து செய்யும் கம்பெனி!

இதைப் படிக்கும் நேயர்களின் வீட்டில், சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவோ, பாட்டியோ, அத்தையோ இருக்கலாம். ஐஸ் பெட்டியில் வைத்திருக்கும் அந்தச் சிறு புட்டிக்கும், அன்று பாரில் நடந்த அந்தப் பேச்சுக்கும் நேரான தொடர்பு உண்டு.

அந்த வாலிபர் யார்? பேராசிரியர் யார்? அவர்கள் கட்டிய கம்பெனிக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் யார்? பார்ப்போம்.

கடலை வெண்ணெய் ரொட்டி

வாலிபரின் பெயர் ராபர்ட் சுவான்சன். அப்போது வயது 28. புளோரிடா மாநிலத்தில் வளர்ந்தவர். அப்பா, விமானங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தார். மகன், புகழ் பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரசாயனமும் படித்தார். தொழில் நிர்வாகமும் படித்தார்.

படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய பாங்கியில் வேலை. புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்குப் பணம் போடும் பிரிவு அது. பிறகு, அதே தொழில் செய்யும் "கிளைனர்-பெர்க்கின்ஸ்" என்ற கம்பெனிக்குப் போனார். அங்கே நிலைக்கவில்லை. 1975-ம் ஆண்டு முடியும்போது, "வேறு இடம் பார்த்துக்கொள்" என்ற நிலை வந்துவிட்டது.

வேலை இல்லாதவர்களுக்கு அமெரிக்க சர்க்கார் ஒரு படி கொடுக்கிறது. சுவான்சனுக்கு மாதம் 410 டாலர் கிடைத்தது. அதில் வீட்டு வாடகைக்கு 250 டாலர். அதுவும் பாதி வாடகைதான். மறு பாதி, கூட இருந்தவர் கொடுத்தார். காருக்கு 110 டாலர். மீதி 50 டாலரில் சாப்பாடு. ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுக் காலம் தள்ளியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எப்போதாவது ஒரு சினிமா!

இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு வேலையைத் தேடி ஓடுவார்கள். சுவான்சன் அப்படிச் செய்யவில்லை. ஒரு புதிய விஞ்ஞானத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருந்தார். உயிர்களின் ஜீன்களை வெட்டி ஒட்டும் வித்தை அது. "இதை வைத்துத் தொழில் செய்ய முடியாதா?" என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்தத் துறையில் பெயர் எடுத்த விஞ்ஞானிகளை ஒவ்வொருவராக டெலிபோனில் கூப்பிட்டார். "அதற்கெல்லாம் இன்னும் பல ஆண்டு ஆகும்" என்றே பலரும் கையை விரித்தார்கள். வந்து பார் என்று சொன்னவர், இந்தப் பேராசிரியர்.

கத்தரிக்கோல் கண்டவர்

பேராசிரியரின் பெயர் ஹெர்பர்ட் போயர். அப்போது வயது 39. பென்சில்வேனியா மாநிலத்தில் டெரி என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா, ரெயில்வேயிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தவர். பள்ளிக்கூடத்தில் போயருக்குப் பந்து விளையாட்டில்தான் மோகம். விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே விஞ்ஞானமும் நடத்தினார். அதனால் விஞ்ஞானமும் பிடித்துப்போயிற்று!

டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள் வாட்சன், கிரிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள். போயர் தம் வீட்டில் வளர்த்த இரண்டு பூனைகளுக்கு வாட்சன், கிரிக் என்றே பெயர் வைத்தார் என்றால், அவருக்கு எவ்வளவு ஆசை என்று பாருங்கள்.

டி.என்.ஏ. என்றால் என்ன?

மனிதன், மாடு, மரம், கிருமி — எதை எடுத்தாலும் அதன் உடம்பு செல்களால் ஆனது. செல்லுக்குள் மிக மெல்லிய நூல் ஒன்று இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அந்த நூலில் கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. "இன்ன பொருளை இப்படிச் செய்" என்ற கட்டளை. ஒரு கட்டளைக்கு ஒரு ஜீன் என்று வைத்துக்கொள்ளலாம். மனித உடம்பில் இன்சுலின் சுரப்பதும் அப்படி ஒரு ஜீனின் கட்டளைப்படிதான்.

இந்த நூலைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கத்தரிக்கோல் ஒன்றைப் போயரின் ஆராய்ச்சிக்கூடம் கண்டது. இரும்புக் கத்தரிக்கோல் இல்லை. கிருமிகளே செய்துகொள்ளும் ஒரு ரசாயனப் பொருள். அது வெட்டிய முனைகள் ஒட்டும் தன்மை உள்ளவை.

1972-ம் ஆண்டு நவம்பர் மாதம், ஹவாய் தீவில் ஒரு விஞ்ஞானிகள் மாநாடு நடந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி கோகனும் வந்திருந்தார். கிருமிகளுக்குள் மோதிரம்போல வளையமாகச் சில டி.என்.ஏ. நூல்கள் உண்டு. அந்த வளையத்தை வெளியே எடுக்கவும், திரும்பக் கிருமிக்குள் செலுத்தவும் கோகனுக்குத் தெரியும். ஒருவரிடம் கத்தரிக்கோல், இன்னொருவரிடம் வளையம். இரவு கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். ஊர் திரும்பியதும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

1973-ம் ஆண்டில் வெற்றி! வேறு இடத்து ஜீனை வளையத்தில் ஒட்டிக் கிருமிக்குள் விட்டார்கள். கிருமி அதைத் தன் ஜீன் என்றே நினைத்துக்கொண்டது.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். அந்தக் கிருமியின் பெயர் ஈ-கோலி. நம் குடலில் வாழ்வது. தீனி போட்டு வளர்த்தால் சுமார் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அடுத்த 20 நிமிடத்தில் இரண்டு நான்காகும். இப்படியே தடையில்லாமல் பெருகினால், 10 மணி நேரத்தில் 100 கோடியைத் தாண்டிவிடும். அத்தனையும் நாம் சொன்ன சரக்கைச் செய்யும். சம்பளம் கேட்காத வேலைக்காரர்கள்!

ஆளுக்கு 500 டாலர்

கம்பெனி தொடங்க வக்கீல் செலவு முதலியவற்றுக்காக ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். சுவான்சன் கையில் பணம் இல்லை. பேராசிரியர் கையிலும் இல்லை! போயர் தம் பங்கைக் கடன் வாங்கித்தான் போட்டார்.

கம்பெனிக்குப் பெயர் வேண்டுமே? ஹெர்பர்ட், ராபர்ட் என்ற பெயர்களைச் சுருக்கி "ஹெர்பாப்" என்று வைக்கலாம் என்றார் சுவான்சன். நல்ல வேளை, போயர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜெனன்டெக்" என்றார். ஜீன்களை வைத்துச் செய்யும் தொழில்நுட்பம் என்பதன் சுருக்கம். அதுவே நிலைத்தது. 1976 ஏப்ரல் 7-ந்தேதி கம்பெனி பதிவானது.

சுவான்சன் நேராக யாரிடம் போனார் தெரியுமா? தம்மை வேண்டாம் என்று அனுப்பிய அதே முதலீட்டுக் கம்பெனியிடம்! அதன் பங்குதாரர் டாம் பெர்க்கின்ஸ், போயரையும் அழைத்துப் பேசினார். விஞ்ஞானம் முழுக்கப் புரிந்ததோ இல்லையோ, ஆள்மீது நம்பிக்கை வந்துவிட்டது. 1 லட்சம் டாலர் கொடுத்தார். கம்பெனியின் தலைவராகவும் ஆனார்.

பெர்க்கின்ஸ் ஒரு யோசனையும் சொன்னார். கட்டிடம் கட்டவேண்டாம். கருவிகள் வாங்கவேண்டாம். ஏற்கனவே ஆராய்ச்சிக்கூடம் வைத்திருப்பவர்களிடம் ஒப்பந்தம் போட்டு வேலையைச் செய்துகொள்வோம். பலித்தால் பிறகு பார்ப்போம் என்றார்.

ஆக, ஜெனன்டெக் கம்பெனிக்கு முதலில் சொந்தமாக ஒரு சோதனைக் குழாய்கூட இல்லை.

சர்க்கார் மறுத்த பணம்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் டுவார்ட்டே என்ற ஊர். அங்கே "சிட்டி ஆப் ஹோப்" என்று ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. "நம்பிக்கை நகரம்" என்று பொருள். ஆராய்ச்சிக்கூடமும் உண்டு. அங்கே இரண்டு விஞ்ஞானிகள். ஒருவர் ஆர்தர் ரிக்ஸ். மற்றவர் ஜப்பானில் பிறந்த கெய்ச்சி இடாகுரா.

ஜீனை மனித உடம்பிலிருந்து எடுக்கவேண்டாம். ரசாயனப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புட்டியிலேயே செய்துவிடலாம் என்பது இடாகுராவின் வித்தை. அந்த ஜீனைக் கிருமிக்குள் வைக்க இருவரும் ஆசைப்பட்டார்கள். அதற்கு சர்க்காரிடம் பணம் கேட்டு மனுப் போட்டார்கள். மனு தள்ளுபடி ஆகிவிட்டது.

சர்க்கார் கொடுக்காத பணத்தை, 28 வயது சுவான்சனின் கம்பெனி கொடுத்தது!

சுவான்சனுக்கு இன்சுலின்மேல்தான் கண். விஞ்ஞானிகளோ, முதலில் சிறியதைச் செய்து பார்ப்போம் என்றார்கள். அந்தச் சிறியதன் பெயர் சோமாட்டோஸ்டாட்டின். உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோன். இவையெல்லாம் மணிமாலை மாதிரி. சோமாட்டோஸ்டாட்டின் மாலையில் 14 மணிகள். இன்சுலினில் 51 மணிகள். அதுவும் இரண்டு சரங்கள். 14 மணி கோக்கத் தெரியாதவன் 51 மணி கோப்பானா?

போயரின் ஆராய்ச்சிக்கூடத்தில் மெக்சிகோ நாட்டு பொலிவர், ஹாலந்து நாட்டு ஹெய்னக்கர் போன்றவர்கள் இதில் முனைந்தார்கள்.

1977 ஜூன் மாதம். சோதனை நாள். சுவான்சனும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து காத்திருந்தார். கம்பெனியின் பணம் கரைந்துகொண்டிருந்தது.

சோதித்தார்கள். சோமாட்டோஸ்டாட்டின் இல்லை. மருந்துக்கும் இல்லை!

மறுநாள் சுவான்சனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. கடுமையான அஜீரணம் என்றார்கள். காரணம் என்ன என்பது மற்றவர்களுக்குத் தெரியும்.

எங்கே தவறு? கிருமி அந்தச் சிறு மாலையைச் செய்திருக்கும். ஆனால் அன்னியப் பொருள் என்று கண்டு உடனே சிதைத்தும் இருக்கும் என்று விஞ்ஞானிகள் யூகித்தார்கள். அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். கிருமி தனக்காகவே செய்துகொள்ளும் ஒரு பெரிய புரதத்தின் வாலில் இந்தச் சிறு மாலையை ஒட்டிவிட்டார்கள். பெரியவரின் சால்வைக்குள் சிறு பிள்ளையை மறைத்துக் கூட்டிக்கொண்டு போவதுபோல! பிறகு ஒரு ரசாயனத்தால் அந்த இணைப்பை மட்டும் நறுக்கினார்கள்.

ஆகஸ்டு மாதம் மறுபடி சோதனை. இந்தத் தடவை கிடைத்துவிட்டது. மனித ஹார்மோன் ஒன்றைக் கிருமி செய்து கொடுத்தது அதுவே முதல் தடவை.

சோமாட்டோஸ்டாட்டினை முதல்முதலில் 5 மில்லிகிராம் பிரித்தெடுக்க, சுமார் 5 லட்சம் ஆடுகளின் மூளை தேவைப்பட்டதாம். அதே 5 மில்லிகிராம், 2 காலன் கிருமிக் கரைசலில் கிடைத்தது. அந்த நவம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு முன்பு விஞ்ஞானக் கழகத் தலைவர் பிலிப் ஹாண்ட்லர் இதை வெகுவாகப் புகழ்ந்தார்.

பன்றியிலிருந்து வந்த உயிர்

இனி இன்சுலின்.

1922-ம் ஆண்டுக்கு முன்பு, குழந்தைகளுக்குச் சர்க்கரை வியாதி வந்தால் பிழைப்பது அரிது. பட்டினி போட்டுச் சில மாதம் உயிரை இழுத்துப் பிடிப்பதுதான் வைத்தியம். கனடாவில் டொரான்டோ நகரத்தில் டாக்டர் பாண்டிங்கும், சார்லஸ் பெஸ்டும் இன்சுலினைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதை ஊசி மூலம் செலுத்தினார்கள். பையன் பிழைத்தான்.

அன்று முதல், இன்சுலின் என்றால் கசாப்புக் கூடத்திலிருந்து வருவதுதான். பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்தைச் சேகரித்து, அதிலிருந்து பிழிந்து எடுத்தார்கள். 8 அவுன்ஸ் இன்சுலினுக்கு ஏறக்குறைய 2 டன் பன்றி உறுப்புகள் வேண்டும் என்பது கணக்கு. அமெரிக்காவில் இந்த வியாபாரத்தில் முதல் இடம், இண்டியானாபொலிஸ் நகரத்து லில்லி கம்பெனிக்கு. நோயாளிகள் பெருகிக்கொண்டே போனார்கள். கணையத்துக்கு ஒரு நாள் தட்டுப்பாடு வரும் என்ற பயமும் கூடியது. பன்றி இன்சுலின் சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத தொல்லையும் இருந்தது.

மனித இன்சுலினைக் கிருமி செய்தால்?

இதே யோசனை மற்றவர்களுக்கும் வந்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்பர்ட் என்ற மேதை. போயரின் பல்கலைக்கழகத்திலேயே இன்னொரு கோஷ்டி. எல்லாரும் பெரிய ஆட்கள். ஜெனன்டெக் கம்பெனியோ, குழந்தை.

ஆனால் பெரிய ஆட்களுக்கு ஒரு விலங்கு இருந்தது. மனித ஜீனைக் கிருமிக்குள் வைப்பது ஆபத்து என்று சர்க்கார் கடுமையான விதிகள் போட்டிருந்தது. ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்திலோ, 1976-ல் நகரசபையே கூடி இந்த ஆராய்ச்சிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. கில்பர்ட்டின் கோஷ்டி 1978-ல் மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போயிற்று. போர்ட்டன் டவுன் என்ற ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில், உடை மாற்றி, குளித்து, கண்ணாடிக் கூண்டுக்குள் கைவிட்டு வேலை செய்தார்கள். கடைசியில் பார்த்தால், கிடைத்தது மனித ஜீன் இல்லை, எலியின் ஜீன்! பழைய ஆராய்ச்சியின் சரக்கு எப்படியோ கலந்துவிட்டது.

புட்டியில் செய்த ஜீனுக்கு அந்தக் கடுமையான விதிகள் பொருந்தவில்லை. இடாகுராவின் வித்தை இங்கே கைகொடுத்தது.

கிட்டங்கியில் ஆராய்ச்சி

1978-ல் ஜெனன்டெக் சொந்த ஆராய்ச்சிக்கூடம் அமைத்தது. எங்கே? தெற்கு சான்பிரான்சிஸ்கோவில், விமான நிலையத்துக்குப் பக்கம், ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஒரு மூலை. டென்னிஸ் கிளீட், டேவிட் கோடல் என்ற இரண்டு வாலிப விஞ்ஞானிகளை வேலைக்கு எடுத்தார் சுவான்சன். கோடல் மலையேறும் பழக்கம் உள்ளவர். இரவு பகல் பாராத உழைப்பாளி. "ஜீனை நகல் எடு, இல்லாவிட்டால் செத்து மடி" என்ற பொருளில் வாசகம் அச்சிட்ட பனியன் போட்டுக்கொள்வார்!

இன்சுலினின் இரண்டு சரங்களையும் தனித்தனிக் கிருமிகளில் செய்யவேண்டும். பிறகு இரண்டையும் சேர்க்கவேண்டும். ஜீன்களைக் கோத்துக் கொடுத்தவர்கள், சிட்டி ஆப் ஹோப்பில் இருந்த இடாகுராவும், இத்தாலி நாட்டு ராபர்ட்டோ கிரேயாவும். கோடல் டுவார்ட்டே ஊருக்கே போய்த் தங்கினார்.

1978 ஆகஸ்டு 24-ந்தேதி. இரண்டு சரங்களும் சேர்ந்தன. மனித இன்சுலின்!

மறுநாளே லில்லி கம்பெனியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மருந்தைப் பெருமளவில் செய்வதும் விற்பதும் லில்லியின் பொறுப்பு. விற்பனையில் ஜெனன்டெக்குக்கு ஒரு பங்கு. சிட்டி ஆப் ஹோப்புக்கு ஒரு பங்கு. செப்டம்பர் 6-ந்தேதி பத்திரிகை நிருபர்களைக் கூட்டிச் செய்தியை வெளியிட்டார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு துளி செய்வது வேறு. பெரிய தொட்டிகளில் செய்வது வேறு. லில்லி அதற்கு நான்கு ஆண்டுகள் உழைத்தது. 1980-ல் லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியில் 17 ஆரோக்கியமான ஆண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1982 அக்டோபரில் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. மருந்தின் பெயர் "ஹ்யூமுலின்". ஜீனை ஒட்டுப் போட்டுச் செய்த மருந்துகளில் விற்பனைக்கு வந்த முதல் மருந்து இதுதான்.

ஒன்றைச் சொல்லவேண்டும். கிருமிகள் சம்பளம் கேட்கவில்லை என்பதால் மருந்து மலிவாக வரும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஹ்யூமுலின் முதலில் பன்றி இன்சுலினைவிட அதிக விலைக்கே விற்றது. கசாப்புக் கூடத்தை நம்பியிருக்கவேண்டாம் என்ற நிலை வந்ததே, அதுதான் லாபம்.

ஒரே நாளில் கோடீசுவரர்

1980-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. மனிதன் மாற்றி அமைத்த கிருமிக்குப் பேட்டன்ட் உரிமை உண்டு என்பது தீர்ப்பு. 5 நீதிபதிகள் ஆதரவு. 4 பேர் எதிர்ப்பு. வழக்கில் வென்றவர் வங்காளத்தில் பிறந்த நம் நாட்டு விஞ்ஞானி ஆனந்தமோகன் சக்கரவர்த்தி. எண்ணெயைத் தின்னும் கிருமியை உருவாக்கியவர் அவர். இந்தத் தீர்ப்பால் ஜெனன்டெக் போன்ற கம்பெனிகளுக்கு யோகம் அடித்தது.

அக்டோபர் 14-ந்தேதி ஜெனன்டெக்கின் 10 லட்சம் பங்குகள் விற்பனைக்கு வந்தன. விலை 35 டாலர். சிறிது நேரத்தில் 88 டாலருக்கு ஏறிவிட்டது! மாலையில் 71 டாலர் 25 சென்டில் நின்றது. ஹ்யூமுலின் அப்போது கடைக்கே வரவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

500 டாலர் போட்ட சுவான்சனுக்கும் போயருக்கும் அன்று மாலை ஆளுக்குச் சுமார் 6½ கோடி டாலர் சொத்து. கடன் வாங்கி 500 டாலர் போட்ட பேராசிரியர்!

எல்லாரும் மாலை போட்டுவிடவில்லை. பேராசிரியர் வியாபாரி ஆகலாமா, சர்க்கார் பணத்தில் கற்றதைக் கடைச்சரக்கு ஆக்கலாமா என்று சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே முணுமுணுத்தார்கள். தம்மைக் குற்றவாளிபோல உணரவைத்தார்கள் என்று போயர் பிறகு வருந்திச் சொன்னார். ஆனாலும் அவர் பேராசிரியர் வேலையை விடவில்லை. கண்டுபிடிப்புகளைப் பத்திரிகைகளில் வெளியிடக் கம்பெனி தடை சொல்லக்கூடாது என்றும் ஆரம்பத்திலேயே பிடிவாதமாக இருந்தார். இது நல்ல பிடிவாதம். அதனால்தான் திறமை உள்ள வாலிபர்கள் அந்தக் கம்பெனியைத் தேடி வந்தார்கள்.

நள்ளிரவில் ஒரு காரியம்

அடுத்த மருந்து, வளர்ச்சி ஹார்மோன். இது குறைந்தால் பிள்ளைகள் வளராமல் குள்ளமாக நின்றுவிடுவார்கள். அதுவரை இந்த மருந்தை, இறந்துபோன மனிதர்களின் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். 1985-ல், அந்த மருந்து போட்டுக்கொண்டவர்களில் சிலர் ஒரு கொடிய மூளை நோயால் இறந்தது தெரியவந்தது. பழைய மருந்தை நிறுத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனன்டெக்கின் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பெற்றோர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இந்த நல்ல மருந்துக்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. பீட்டர் சீபர்க் என்ற விஞ்ஞானி, போயரின் பல்கலைக்கழகத்தில் இந்த ஜீனை ஆராய்ந்தவர். பிறகு ஜெனன்டெக்கில் சேர்ந்தார். 1978-ம் ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவில் பழைய ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், தாம் உருவாக்கிய ஜீன் சரக்கை எடுத்து வந்தார். அந்தச் சரக்கே மருந்து செய்யப் பயன்பட்டது என்று 1999-ல் கோர்ட்டில் சாட்சி சொன்னார். கோடல் அதை மறுத்தார். ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அந்த நவம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, பல்கலைக்கழகத்துக்கு 20 கோடி டாலர் கொடுத்து ஜெனன்டெக் சமாதானம் செய்துகொண்டது.

சிட்டி ஆப் ஹோப்பும் கோர்ட்டுக்குப் போனது. தனக்குச் சேரவேண்டிய பங்கு முழுதும் வரவில்லை என்பது அதன் புகார். ஆரம்பத்தில் கட்டிடம்கூட இல்லாத கம்பெனிக்கு இடம் கொடுத்த ஆஸ்பத்திரி! 2002-ல் ஜூரிகள் அதன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஜெனன்டெக் அப்பீல் செய்தது. 2008-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு, 30 கோடி டாலர் கொடுக்கவேண்டும் என்பதை உறுதி செய்தது. அபராதமாகப் போட்ட மேலும் 20 கோடியை மட்டும் ரத்து செய்தது.

பிறகு என்ன ஆனார்கள்?

சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனி 1990-ல் ஜெனன்டெக்கின் பெரும்பகுதியை வாங்கியது. 2009-ல் மீதியையும் வாங்கிவிட்டது. அதற்கு மட்டும் கொடுத்த விலை 4,680 கோடி டாலர்.

சுவான்சன் 1990 வரை நிர்வாகத்தை நடத்தினார். பிறகு 1996 வரை தலைவராக இருந்தார். மூளையில் புற்றுநோய் கண்டு, 1999 டிசம்பர் 6-ந்தேதி காலமானார். வயது 52. பல்கலைக்கழக வழக்கு முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கம்பெனி வளாகத்தில் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் சுவான்சன். அந்தப் பக்கம் போயர். பாரில் பேசிய அந்த மாலைக் காட்சி!

போயர் தம் செல்வத்திலிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்கு 1 கோடி டாலர் கொடுத்தார். தாம் படித்த சிறு கல்லூரிக்கும் வாரிக் கொடுத்தார்.

ஆர்தர் ரிக்ஸ்? அந்தச் சிலையில் அவர் இல்லை. கடைசிவரை சிட்டி ஆப் ஹோப்பிலேயே இருந்தார். கண்டுபிடிப்புக்காக வந்த பங்குப் பணத்தை, ஆண்டுக்கு ஆண்டு, வெளியே சொல்லாமல் அந்த ஆஸ்பத்திரிக்கே கொடுத்து வந்தார். 2021-ம் ஆண்டில், சர்க்கரை வியாதி ஆராய்ச்சிக்காக மேலும் 10 கோடி டாலர் கொடுத்தபோதுதான் மொத்தக் கணக்கு வெளியே தெரிந்தது. 31 கோடி டாலர்!

அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ரிக்ஸ் காலமானார். வயது 82.